சைனாடவுன் சரோஜாக்கா

கைபேசியில் பிரகாஷின் பெயரைப் பார்த்ததுமே ஏதோ சரியில்லை என்று எனக்குப் பட்டது. சரோஜாக்காவின் ஒரே மகன் அவன், டெக்ஸஸில் காப்பெல்லில் இருக்கிறான். வேலை நேரத்தில் யாரையும் கூப்பிடுகிற பிள்ளை இல்லை. "ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க" என்றான். "எந்தத் தெருவுலடா?" என்று கேட்டேன். என் வாயில் முதலில் வந்தது அந்தக் கேள்விதான். அவன், "தெருவுல இல்ல ஆன்ட்டி. எங்க கிச்சன்ல. உப்புமாவுக்கு வெங்காயம் நறுக்கிட்டு இருந்தாங்க. அப்படியே சேர்ல சாஞ்சுட்டாங்க. ஹார்ட்" என்றான். அழுகைக்கு நடுவே, "இங்க சேஃப்பா இருப்பாங்கன்னு நினைச்சேனே ஆன்ட்டி" என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

நாங்கள் இத்தனை வருடம் பயந்ததெல்லாம் தெருவுக்கு. செங்குத்தாக ஏறும் நடைபாதைக்கு, பின்னால் கேட்கும் காலடிக்கு, சந்தைக் கூட்டத்தில் எங்கிருந்தோ நீளும் ஒரு கைக்கு. அது எதுவும் அவரைக் கொண்டுபோகவில்லை. பயப்படவே அவசியமில்லை என்று எல்லோரும் சத்தியம் செய்த ஒரு வீட்டில், பேத்தியின் பிறந்தநாளுக்குப் போன இடத்தில் போய்விட்டார். இதை எங்கே போய்ச் சொல்லி முட்டிக்கொள்வது?

சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில், சன்னிவேலில் நம் தமிழர்கள் நடத்தும் பொங்கல் விழாக்களில் சரோஜாக்காவைப் பார்த்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். "அந்தச் சைனீஸ் அக்கா என்னமா தமிழ் பேசுறாங்க!" என்று வாய் பிளந்தவர்களும் இருப்பீர்கள். முதல் வருடம் ஒரு தன்னார்வத் தம்பி அவரை வாசலிலேயே நிறுத்தி, பொங்கல் என்றால் அறுவடைத் திருநாள், சூரியனுக்கு நன்றி சொல்வது என்று ஆங்கிலத்தில் நிதானமாக விளக்கிவிட்டு, தொன்னையில் ஒரு கரண்டி வைத்துக் கொடுத்தான். அக்கா பொறுமையாகக் கேட்டார், தலையாட்டினார், வாயில் போட்டுப் பார்த்தார். "வெல்லம் பத்தல தம்பி. நெய்யி எங்க?" என்றார். அந்தத் தம்பியின் முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நீங்கள் சிரித்தீர்கள், அவரும் சிரித்தார். ஆனால் நீங்கள் அறிந்தது அந்தச் சிரித்த பாதியைத்தான். அவரும் நானும் ஒரே கட்டடத்தில் பயந்து பயந்து வாழ்ந்த மறுபாதியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கோமதி. சொந்த ஊர் அம்பாசமுத்திரம். விவாகரத்துக்குப் பிறகு சன்னிவேல் வீட்டை விட்டு, அலுவலகத்துக்கு நடந்தே போகலாம், வாடகையும் கட்டுப்படியாகும் என்று சான் பிரான்சிஸ்கோ சைனாடவுனில் ஒரு பழைய கட்டடத்துக்குக் குடிவந்தேன். லிஃப்ட் கிடையாது. செங்குத்தான மாடிப்படி, பகலிலும் இருட்டு. நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. பெட்டியும் கையுமாக வந்து நிற்கிறேன், கதவு திறக்கவில்லை. சாவியோடு மல்லுக்கட்டி, "சனியனே, தெறந்து தொலையேன்!" என்று கத்திவிட்டேன். "மேல தூக்கித் திருப்பணும்லா" என்று முதுகுக்குப் பின்னால் நல்ல தமிழில் ஒரு குரல். திரும்பினால் ஒரு சீனப் பெண்மணி, கையில் முருங்கைக்கீரைக் கட்டு. உயிர் போய் உயிர் வந்தது எனக்கு. அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "பசியாறிட்டியா?" என்றார்.

அவர் கதை அன்றைக்கே தெரிந்துவிட்டது, அதை மறைக்கிற ஆள் இல்லை அவர். மலேசியாவில் ஒரு ரப்பர் தோட்டம். பக்கத்து ஊர்ச் சீனக் குடும்பம் ஒன்று, இன்னொரு பெண் குழந்தை வேண்டாமென்று, பிறந்த குழந்தையைத் தோட்டத்துத் தமிழ்த் தம்பதியிடம் கொடுத்துவிட்டது. அவர்கள் சரோஜா என்று பெயர் வைத்து, காது குத்தி, முருகனுக்கு மொட்டையடித்து வளர்த்தார்கள். அந்தக் காலத்தில் அங்கே இப்படி வளர்ந்த பிள்ளைகள் நிறைய உண்டாம். பிறகு பெருமாள் அண்ணனோடு கல்யாணம். அவருக்கு இங்கே ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை கிடைத்து இருவரும் வந்தார்கள். பெருமாள் அண்ணன் தனியாகப் போய்க் கேட்டபோதெல்லாம் சைனாடவுனில் வீடு இல்லை என்றார்களாம். அக்காவை முன்னால் நிறுத்தியதும் சாவி கிடைத்துவிட்டது. "மூஞ்சியக் காட்டி வீடு பிடிச்சோம். பேரக் கேட்டதும் வீட்டுக்காரர் முழிச்ச முழி இருக்கே!" என்று சொல்லிச் சிரிப்பார். வரும்போது காண்டனீஸ் ஒரு வார்த்தை தெரியாது. மீன்கடையிலும் காய்கறிக்கடையிலும் திட்டு வாங்கியே கற்றுக்கொண்டார். அண்ணன் காலமான பிறகும் அந்த வீட்டை விடவில்லை.

கொரோனா வந்த பிறகுதான் எங்கள் தெருவுக்குள் பயம் குடியேறியது. நோயைக் கொண்டுவந்ததே சீனர்கள்தான் என்ற ஆத்திரத்தில், நடந்து போகும் வயதானவர்களை யாரோ பின்னாலிருந்து தள்ளிவிடுகிறார்கள், அறைகிறார்கள் என்று பேச்சு. பேச்சு என்றால் பரவாயில்லை, வீடியோவும் வந்தது. ஒரு தாத்தா நடந்து போகிறார், அடுத்த நொடி தரையில் கிடக்கிறார். அதைப் பார்த்த பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று. கதவுக்குப் பூட்டுமேல் பூட்டுப் போட்டேன். சாவியை விரல்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு நடந்தேன், யார் இருமினாலும் சுவரோரம் ஒதுங்கினேன். கட்டடத்து முதியவர்கள் படி இறங்குவதையே நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் மாடி மிஸஸ் சான் வெறும் கஞ்சியைக் குடித்துக்கொண்டு கிடக்கிறார் என்று தெரிந்ததும் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

அவர்தான் அந்த ஏற்பாட்டைத் தொடங்கினார். காலையில் கடை திறக்கும் நேரத்துக்கு நாலைந்து பெண்கள் வாசலில் கூடுவார்கள். மெதுவாக நடப்பவர் நடுவில், கண் நன்றாகத் தெரிபவர் கடைசியில். ஒருத்தி பையின் காதை இன்னொருத்தி பிடித்துக்கொண்டு ஸ்டாக்டன் தெருச் சந்தைக்கு நடப்பார்கள். கோயில் பிராகாரத்தில் பிள்ளைகள் ரயில் விடுவதுபோல இருக்கும். "பயமா இல்லையாக்கா?" என்று ஒருநாள் கேட்டேன். முறைத்தார். "பயப்படாதன்னு சொல்ற ஆளுங்கள நம்பாத. நல்லா பயந்துக்க. பயந்துக்கிட்டே செருப்பப் போடு" என்றார். வரிசையில் கடைசியாக எப்போதும் அவரேதான் நடந்தார். முகம் வெளிறித்தான் இருக்கும், நான் பார்த்திருக்கிறேன்.

சில வாரம் கழித்து ஒருநாள் எனக்கு வீட்டிலிருந்து வேலை. கீழே இறங்கிப் பால் வாங்கிக்கொண்டு, தெரு முனையில் நின்றிருந்தேன். சந்தை வழக்கம்போல ஒரே கூச்சல். மீன் விலை, லாரி ஹாரன், காண்டனீஸில் சண்டை. அதற்கு நடுவே ஒரு அலறல் கேட்டது. "நான் சரோஜா! நான் சரோஜா!"

என் கால் என்னைக் கேட்காமல் ஓடியது. தமிழில் ஒரு பெண் அலறினால் அம்பாசமுத்திரத்துக்காரியின் கால் நிற்குமா? யார் யாரையோ இடித்துத் தள்ளி, பால் டப்பாவை எங்கேயோ வீசிவிட்டு, நானும் ஏதோ கத்திக்கொண்டு போனேன். அக்கா நடைபாதையில் கிடந்தார். கீரையெல்லாம் சிதறியிருந்தது. தள்ளியவன் ஓடிவிட்டான், அவன் முகத்தைக்கூட யாரும் சரியாகப் பார்க்கவில்லை. மிஸஸ் சானும் வரிசையில் வந்த மற்ற இரண்டு பெண்களும் கடைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள். நான் அக்காவின் தலையை மடியில் எடுத்து வைத்தேன். அவர் கண்ணைத் திறக்காமல், "நான் சரோஜா, நான் சரோஜா" என்று முனகிக்கொண்டே இருந்தார்.

மணிக்கட்டு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். கை சேர்ந்துவிடும் என்றார்கள், பின்னால் சேர்ந்தும்விட்டது. ஆனால் அக்கா அறையை விட்டு வெளியே வரவில்லை. திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மிஸஸ் சான் வந்து கதவைத் தட்டினால், "தூங்குறேன்னு சொல்லிடு" என்பார். பயம் என்றுதான் நான் நினைத்தேன். ஒரு மதியம் ரசம் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த வாய் வேண்டாமென்று கையால் தடுத்துவிட்டு, அக்கா திடீரென்று பேச ஆரம்பித்தார்.

"சின்னப் பிள்ளையா இருக்கிறப்ப எங்க ஊர்ல கலவரப் பேச்சு. சீனங்கள அடிக்கிறாங்க, வெட்டுறாங்கன்னு. நாங்க இருக்கிற தோட்டத்துப் பக்கமும் லாரி வருதுன்னு யாரோ சொல்லிட்டாங்க. எங்கம்மா என் நெத்தியில அம்பது காசு அளவுக்குப் பொட்டு வச்சுச்சு. மூஞ்சி பூரா துன்னூறு. கட்டிலுக்கு அடியில தள்ளி, 'யாரு வந்து கேட்டாலும் நான் சரோஜான்னு சொல்லு. தமிழ்ல சொல்லு. உன்ன விட்டுருவாங்க'ன்னுச்சு. ராத்திரி பூரா அதையே சொல்லிக்கிட்டுக் கெடந்தேன். லாரி வரவே இல்ல. ஆனா அது இந்த வாய்க்குள்ளயே இருந்திருக்கு பாரேன்."

"அதுக்கென்னக்கா, பயத்துல வந்துட்டுது" என்றேன்.

"உனக்குப் புரியலடி. அன்னிக்கு மிஸஸ் சான் பக்கத்துல நிக்குது. எண்பது வயசு. அதுகளுக்கும் எனக்கும் ஒரே மூஞ்சி. நான் என்ன கத்தினேன்? நான் அவங்க ஆளு இல்ல, என்ன விடு, அவங்கள வேணா அடின்னுதான கத்தியிருக்கேன்? நானே கூட்டிட்டுப் போயி, நானே காட்டிக் கொடுத்த மாதிரி இல்ல?" புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் பயல் என்ன கண்டான். அடி விழுறது மூஞ்சிக்குலா. மூஞ்சி என்ன பாஷ பேசுதுன்னு எவன் கேக்கிறான்" என்றார். ரசம் ஆறிப்போயிருந்தது.

பிரகாஷ் விமானம் ஏறி வந்தான். ஒரேயடியாக அம்மாவைக் காப்பெல்லுக்கு அழைத்துக்கொண்டு போவது என்ற முடிவோடு வந்தான். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்கதான் கன்வின்ஸ் பண்ணணும் ஆன்ட்டி. அங்க கராஜ்ல கார் ஏறினா ஸ்டோர் வாசல்ல இறங்கலாம். ரோட்ல யாரும் நடக்கவே மாட்டாங்க. அவ்வளவு சேஃப்" என்றான். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அக்கா உயிரோடு இருக்க வேண்டும், எனக்கு வேறொன்றும் வேண்டாம். அவர் போய்விட்டால் இந்தக் கட்டடத்தில் நான் என்ன ஆவேன் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆனாலும், "போங்கக்கா" என்று சொன்னேன். அவர் மறுக்கவே இல்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. "நடக்கவே வேணாம்னா காலு எதுக்குலா" என்றெல்லாம் வாயடிக்கிற ஆள், எதுவும் பேசாமல் ஒற்றைக் கையால் புடவைகளை மடித்துப் பெட்டியில் வைத்தார்.

மறுநாள் கிளம்ப வேண்டும். கதவு தட்டப்பட்டது. நான் திறந்தேன். மிஸஸ் சானும் அந்த இரண்டு பெண்களும் சூப்புப் பாத்திரத்தோடு நின்றார்கள். தூங்குகிறார் என்று நான் சைகை காட்டுவதற்குள் மிஸஸ் சான் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். மிஸஸ் சான் அறை நடுவில் நிமிர்ந்து நின்றார். இரண்டு கையையும் வாய்க்குப் பக்கத்தில் குவித்துக்கொண்டு, முழுத் தொண்டையில், "நா சலோச்சா!" என்று கத்தினார். மற்ற இருவரும் உடனே, "நா சலோச்சா! நா சலோச்சா!" என்றார்கள். பிறகு மிஸஸ் சான் என்னைச் சுட்டிக்காட்டி, இருந்த இடத்திலேயே கையை வீசி ஓடுவதுபோல நடித்துக் காட்டினார்.

அக்கா காண்டனீஸில் ஏதோ கேட்டார். அவர்கள் மூவரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். அக்காவின் முகம் கோணியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டும்தான் என்று பிறகு தெரிந்தது. "ஆபத்துன்னா என் பேரச் சேத்து இப்படிக் கத்தினா ஆளு ஓடி வரும்னு நினைச்சுட்டாங்கடி! நான் கத்தினதும் நீ பேய் மாதிரி ஓடி வந்தியாம். அவங்க ஐயோன்னு கத்தினப்ப ஒரு நாய்கூட வரலியாம். அதனால மூணு பேரும் மாடிப்படியில நின்னு கத்திக் கத்திப் பழகினாங்களாம். சரியாச் சொல்றோமான்னு கேக்க வந்திருக்காங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இன்னும் சத்தமா கத்தணும்னு சொன்னேன்" என்றார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அர்த்தம் சொல்லல. நீயும் சொல்லித் தொலைக்காத" என்றார். அவர்கள் போன பிறகு பெட்டியிலிருந்து புடவைகளை எடுத்து மறுபடி அலமாரியில் அடுக்கினார். பிரகாஷுக்குக் கோபம், என்னோடு கொஞ்ச நாள் பேசவில்லை. அடுத்த வாரம் கட்டுப் போட்ட கையோடு அக்கா சந்தைக்குப் போனார், வரிசையின் கடைசியில் நின்று. நானும் அலுவலகம் போகுமுன் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டேன். சொல்லாதே என்று அவர் சொன்னதை இப்போது மீறிவிட்டேன். தமிழில்தானே எழுதுகிறேன், மிஸஸ் சான் படிக்க மாட்டார்.

அதன்பிறகு வருடங்கள் போயின. பயம் தணிந்ததுபோல இருக்கும், எங்கேயாவது ஒரு செய்தி வரும், மறுபடி ஏறிக்கொள்ளும். இந்த முறை பேத்தியின் பிறந்தநாளுக்குக் கிளம்பும்போது அக்கா சாவியை என்னிடம் கொடுத்தார். "கருவேப்பிலச் செடிக்குத் தண்ணி ஊத்து. சந்தைக்குப் போறப்ப நீ கடைசியில நில்லு" என்றார். "நானா? ஐயோ, நான் மாட்டேன்க்கா" என்றேன். "பயமா இருக்குமே?" என்று கேலியாகப் பார்த்துவிட்டு, படி இறங்கினார்.

பிரகாஷ் கூப்பிட்ட அன்று கட்டடத்தில் சொல்ல வேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்தது. எனக்குக் காண்டனீஸ் தெரியாது, மிஸஸ் சானுக்கு ஆங்கிலம் தெரியாது. எங்களுக்குள் பேச்சு என்று ஒன்று இருந்ததே அக்கா வழியாகத்தான். மூன்றாம் மாடிக்குப் போய் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "சலோச்சா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் தலையசைத்தேன். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் நான் அக்காவின் அறையைத் திறந்துவிட்டேன், கட்டடத்துப் பெண்கள் முருகன் படத்துக்கு முன்னால் ஆரஞ்சுப் பழங்களை அடுக்கி ஊதுபத்தி ஏற்றினார்கள்.

என் மகள் கல்லூரியிலிருந்து கூப்பிட்டு, "அம்மா, ப்ளீஸ் மூவ் அவுட். இனிமே யார் இருக்கா அங்க உனக்கு?" என்றாள். முதல் பாதி ஆங்கிலம், இரண்டாம் பாதி தமிழ் என்றால் அவள் உண்மையாகவே கவலைப்படுகிறாள் என்று அர்த்தம். சான் ரமோனில் இருக்கும் என் தோழி சுதா அவள் குடியிருப்பிலேயே ஒரு வீடு பார்த்து வைத்தாள். போன சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். அழகான வீடு. வாசலில் காவல், உள்ளே நீச்சல்குளம், தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. திங்கட்கிழமை சொல்கிறேன் என்று சுதாவிடம் சொல்லிவிட்டு ரயிலில் திரும்பினேன். சரி என்று சொல்லத்தான் போகிறேன் என்று எனக்கே தெரிந்திருந்தது. எனக்கு எதற்கு இந்த வீம்பு?

குளிர்காலமாதலால் ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. எங்கள் கட்டடத்துக்கு ஏறும் சரிவில் வேறு யாரும் இல்லை. பாதி வழியில் பின்னால் காலடிச் சத்தம். நடை இல்லை, ஓட்டம். நெருங்கி வந்தது. சாவியை விரல்களுக்கு நடுவே பிடிக்கப் பார்த்தேன், அது கீழே விழுந்துவிட்டது. இன்றைக்கு நம் முறை என்று நினைத்தேன். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கத்தினேன்.

அம்மா என்று கத்தவில்லை. முருகா என்றும் கத்தவில்லை. "நான் சரோஜா!" என்று கத்தினேன்.

காதில் பாட்டு மாட்டிக்கொண்டு உடற்பயிற்சிக்கு ஓடுகிற ஒருவர். என்னைத் தாண்டி அவர்பாட்டுக்கு ஓடிப் போனார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடி ஜன்னல் படாரென்று திறந்தது. "நா சலோச்சா!" என்று மிஸஸ் சானின் குரல். அடுத்த ஜன்னலிலிருந்து இன்னொரு குரல். எதிர்க் கட்டடத்திலிருந்து ஒன்று, அங்கே யார் இருக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. காய்கறிக்கடைக்காரர் துடைப்பத்தோடு தெருவுக்கு ஓடிவந்து, அவரும் அதையே கத்தினார். அக்கா எனக்குத் தெரியாமல் எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்துவைத்திருக்கிறார்! நான் நடைபாதையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

சுதா, இதைப் படித்ததும் அந்த வீட்டை வேறு யாருக்காவது சொல்லிவிடு. எனக்குப் பயம் போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை. தன்னை மட்டும் விட்டுவிடச் சொல்லி ஒரு சின்னப் பெண் கட்டிலுக்கு அடியில் சொல்லிக்கொண்டு கிடந்ததை, ஒருவருக்காக ஒருவர் கத்துவதாக இந்தத் தெரு மாற்றி வைத்திருக்கிறது. சரோஜாக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அது ஒன்றைத்தான். இன்று காலையும் பயந்துகொண்டேதான் செருப்பை மாட்டினேன். சந்தைக்குப் போகும் வரிசையில் கடைசியாக நடந்தேன்.